ஊர் அணியை விடாத ஆட்டக்காரர்



உங்கள் ஊரில் கபடிக் குழு இருக்கலாம். கால்பந்துக் குழு இருக்கலாம். ஊருக்காக நன்றாக ஆடும் பையனை ஊரே தோளில் தூக்கும். அவன் புகழ் பக்கத்து ஊருக்கும் போகும். அவர்கள் அவனைத் தேடி வருவார்கள்.

“எங்கள் குழுவில் ஆடு. பணம் தருகிறோம்” என்பார்கள்.

அந்தப் பையன் என்ன செய்வான்? போவானா? இருப்பானா? போனால் அது துரோகமா? இருந்தால் அவனுக்கு என்ன கிடைக்கும்?

இந்தக் கேள்வி ஒரு பெரிய ஆட்டக்காரருக்கும் வந்தது. அவர் பெயர் டாம் ஃபின்னி. அவர் இங்கிலாந்து நாட்டுக்காரர். உலகமே பாராட்டிய கால்பந்து வீரர். அவர் குழாய் வேலை செய்யும் பிளம்பரும்கூட. அவர் கதையைப் படிப்போம்.

பஞ்சாலை ஊர்

இங்கிலாந்தின் வடமேற்கில் லங்காஷயர் என்ற பகுதி இருக்கிறது. ஒரு காலத்தில் அங்கே எங்கு பார்த்தாலும் பஞ்சாலைகள். அங்கே நெய்த துணி கப்பல் ஏறி நம் நாட்டுக்கும் வந்தது. அந்நியத் துணியை நம் மக்கள் தீயில் போட்டது உங்களுக்குத் தெரியும். 1931-ஆம் ஆண்டு காந்தியடிகள் இங்கிலாந்து போனார். அப்போது லங்காஷயர் ஆலைத் தொழிலாளர்களையும் சந்தித்துப் பேசினார்.

அந்தப் பகுதியில் உள்ள ஓர் ஊர்தான் பிரஸ்டன். அங்கே ஒரு கால்பந்து கிளப் உண்டு. கிளப் என்றால் விளையாட்டுச் சங்கம். அதன் பெயர் பிரஸ்டன் நார்த் எண்ட். மைதானத்தின் பெயர் டீப்டேல்.

இங்கிலாந்தில் கால்பந்து லீக் போட்டி 1888-இல் தொடங்கியது. லீக் என்றால் எல்லா அணிகளும் ஒன்றோடொன்று மோதும் தொடர் போட்டி. அந்த முதல் லீக்கில் வென்ற அணி பிரஸ்டன். ஓர் ஆட்டத்தில்கூட அது தோற்கவில்லை. அதனால் ஊர் மக்களுக்கு அந்த அணி என்றால் உயிர்.

1922-ஆம் ஆண்டு ஏப்ரல் 5-ஆம் நாள் டாம் பிறந்தார். வீடு டீப்டேல் மைதானத்துக்கு அருகில். டாமுக்கு 4 வயது ஆனபோது தாய் இறந்துவிட்டார். தந்தை ஆல்ஃப் பிள்ளைகளை வளர்த்தார். சிறுவன் டாம் எந்நேரமும் பந்தோடுதான் இருந்தான். பிரஸ்டன் அணியில் ஆட வேண்டும் என்பதே அவன் கனவு.

தந்தையின் சொல்

டாமுக்கு 14 வயது. ஆள் மிகவும் ஒல்லி. உயரம் ஐந்து அடிகூட இல்லை. ஆனால் பந்து அவன் சொன்னபடி கேட்டது. பிறவியில் அவனுக்கு இடது கால்தான் பழக்கம். வலது காலையும் விடாமல் பழக்கினான். பின்னாளில் வலது பக்க ஆட்டக்காரராகவே பெயர் பெற்றார்.

பிரஸ்டன் கிளப் அவனை அழைத்தது. கனவு கையில் வந்து விழுந்தது! ஆனால் தந்தை தடுத்தார்.

“முதலில் ஒரு கைத்தொழிலைக் கற்று முடி. அதன் பிறகு பந்து ஆடு” என்றார்.

டாமுக்கு வருத்தம்தான். ஆனாலும் தந்தை சொல்லைக் கேட்டார். ஒரு பிளம்பிங் கடையில் வேலை பழகும் பையனாகச் சேர்ந்தார். குழாய் வெட்டினார். இணைப்புப் போட்டார். கசிவை அடைத்தார். ஓய்வு நேரத்தில் பிரஸ்டன் இளைஞர் அணியில் ஆடினார்.

தந்தை சொன்னதில் அர்த்தம் இருந்தது. ஆட்டக்காரனின் கால் ஒரு நாள் உடையலாம். வயது ஏறினால் ஓட்டம் குறையும். கற்ற தொழில் கடைசி வரை சோறு போடும்.

போர் வந்தது

1939-இல் இரண்டாம் உலகப் போர் தொடங்கியது. வழக்கமான லீக் போட்டிகள் நின்றுபோயின. 1940-இல் டாம் சம்பளம் வாங்கும் ஆட்டக்காரர் ஆனார். ஆனால் ஆடப் பெரிய போட்டி இல்லை. 1942-இல் அவர் பட்டாளத்துக்குப் போனார். எகிப்திலும் இத்தாலியிலும் பணி. டாங்கி வண்டி ஓட்டினார். 1945-இல் எல்சி என்ற பெண்ணை மணந்தார்.

போர் முடிந்தது. 1946-ஆம் ஆண்டு ஆகஸ்டில்தான் பிரஸ்டனுக்காக முதல் லீக் ஆட்டம் ஆடினார். அப்போது அவர் வயது 24. நல்ல இளமைக் காலத்தைப் போர் விழுங்கிவிட்டது. ஆனால் அடுத்த மாதமே இங்கிலாந்து தேசிய அணியில் இடம் கிடைத்தது. முதல் ஆட்டத்திலேயே கோல் அடித்தார்.

கிளப்பில் ஆடிக்கொண்டே அவர் பிளம்பர் வேலையும் செய்தார். சகோதரரோடு சேர்ந்து சொந்தத் தொழில் நடத்தினார். மைதானத்தில் அவரைப் பார்த்துக் கை தட்டியவர்கள் ஊரில் அவரிடம் குழாய் வேலையும் கொடுத்தார்கள். மக்கள் அவரைப் “பிரஸ்டன் பிளம்பர்” என்றே அழைத்தார்கள்.

1949-இல் பிரஸ்டன் அணிக்கு இறங்குமுகம். முதல் பிரிவிலிருந்து இரண்டாம் பிரிவுக்குத் தள்ளப்பட்டது. இங்கிலாந்து அணியின் பெரிய ஆட்டக்காரர் இரண்டாம் பிரிவில் ஆடுவதா? டாம் அணியோடு இருந்தார். இரண்டே ஆண்டில், 1951-இல், பிரஸ்டன் இரண்டாம் பிரிவில் முதலிடம் பிடித்தது. மீண்டும் முதல் பிரிவுக்கு ஏறியது.

இத்தாலியிலிருந்து வந்த அழைப்பு

1952-ஆம் ஆண்டு மே மாதம். இங்கிலாந்து அணி இத்தாலிக்குப் போயிருந்தது. அங்கே சிசிலித் தீவில் பலெர்மோ என்ற நகரம் உண்டு. அந்த நகரத்துக் கிளப்பின் தலைவர் டாமை அழைத்தார். 2 ஆண்டு தங்கள் அணியில் ஆடும்படி கேட்டார். அதற்கு அவர் தருவதாகச் சொன்னவை இவை:

சேர்ந்தவுடன் கையில் 10,000 பவுண்டு.
மாதச் சம்பளம் 130 பவுண்டு.
வெற்றி பெற்றால் தனிப் பரிசுப் பணம்.
கடற்கரையில் வீடு. ஓட்டிப் போகக் கார்.

பவுண்டு என்பது இங்கிலாந்துப் பணம். அப்போது 1 பவுண்டு நம் பணத்தில் 13 ரூபாய்க்குச் சற்று அதிகம்.

பிரஸ்டனில் டாமுக்கு என்ன சம்பளம்? வாரம் 14 பவுண்டு. அதற்கு மேல் யாருக்கும் கிடையாது. இங்கிலாந்துக் கால்பந்து சங்கங்கள் அப்படி ஒரு விதி வைத்திருந்தன. எவ்வளவு திறமை இருந்தாலும் உச்ச வரம்பு அதுதான்.

ஒரு கணக்குப் போடுவோம்.

ஓர் ஆண்டுக்கு 52 வாரம். போட்டி இல்லாத கோடை மாதங்களில் சம்பளம் குறையும். அதை இப்போது விட்டுவிடுவோம். ஆண்டு முழுவதும் 14 பவுண்டு என்றே வைத்துக்கொள்வோம்.

14 x 52 = 728 பவுண்டு.

இத்தாலிக்காரர் சேர்ந்தவுடனே தருவதாகச் சொன்னது 10,000 பவுண்டு. ஆண்டுக்கு 728 பவுண்டு வீதம் அதைச் சம்பாதிக்க எத்தனை ஆண்டு ஆகும்? கிட்டத்தட்ட 14 ஆண்டு! அதாவது, ஓர் ஆட்டக்காரரின் ஆயுள் சம்பாத்தியம் ஒரே நாளில்.

நீங்களாக இருந்தால் என்ன செய்வீர்கள்?

“எங்களுக்கு ஆடு. இல்லையேல் யாருக்கும் ஆடாதே”

டாமுக்கு வயது 30. வீட்டில் மனைவியும் பிள்ளைகளும் இருந்தார்கள். அவர் அந்த அழைப்பை லேசாகத் தள்ளிவிடவில்லை. நேராகத் தன் கிளப்பிடம் போய்ச் சொன்னார். பதில் வந்தது. “ஆடினால் பிரஸ்டனுக்கு ஆடு. இல்லையென்றால் யாருக்கும் ஆட முடியாது” என்பதுதான் அந்தப் பதிலின் பொருள்.

கிளப்பால் அப்படிச் சொல்ல முடிந்தது எப்படி? அதுதான் அன்றைய விதி. அதைக் கொஞ்சம் நிதானமாகப் படியுங்கள்.

ஆட்டக்காரர் கிளப்போடு ஓர் ஒப்பந்தம் போடுவார். அது ஒரு வருடத்துக்கு. வருடம் முடிந்ததும் அவர் விடுதலை ஆகிவிடுவார் என்று நாம் நினைப்போம். ஆனால் அப்படி இல்லை. ஆட்டக்காரரின் பதிவு கிளப்பின் கையிலேயே இருக்கும். கிளப் சம்மதித்து விட்டால்தான் வேறு கிளப் அவரைச் சேர்க்கலாம். விடாவிட்டால் அவர் எங்கும் ஆட முடியாது. ஒப்பந்தம் முடிந்தும் கட்டு அவிழாது.

ஆக, சம்பளத்துக்கு ஒரு பூட்டு. வெளியே போகும் கதவுக்கு இன்னொரு பூட்டு. இரண்டு சாவியும் முதலாளியிடம்.

டாம் சண்டை போடவில்லை. சோர்ந்து உட்காரவும் இல்லை. அடுத்த பருவம் தொடங்கியதும் பிரஸ்டன் சட்டையைப் போட்டுக்கொண்டு இறங்கினார். முழு மனதோடு ஆடினார்.

அந்தப் பருவத்தில் பிரஸ்டன் லீக்கில் இரண்டாம் இடம் வந்தது. முதலிடம் ஆர்சனல் அணிக்கு. இரண்டு அணிக்கும் புள்ளிகள் சமம். கோல் கணக்கில் மட்டும் மிகச் சிறிய வித்தியாசம். 1954-இல் எஃப்.ஏ. கோப்பை இறுதி ஆட்டம் வரை பிரஸ்டன் போனது. 2-க்கு 3 என்று தோற்றது. 1958-இல் லீக்கில் மறுபடியும் இரண்டாம் இடம். பெரிய கோப்பை எதுவும் அவர் காலத்து லீக் ஆட்டங்களில் பிரஸ்டனுக்குக் கிடைக்கவில்லை.

ஆனால் டாமுக்குப் பெருமை வந்தது. 1954-இல் இங்கிலாந்தின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது பெற்றார். 1957-இல் அதே விருது இரண்டாம் முறை. அதற்கு முன் யாரும் இரண்டு முறை பெற்றதில்லை. இரண்டும் கிளப் அவரைப் போக விடாத பிறகு கிடைத்தவை. மூன்று உலகக் கோப்பைப் போட்டிகளில் ஆடினார். நாட்டுக்காக 76 ஆட்டம், 30 கோல். எதிரி எவ்வளவு முரட்டுத்தனமாக மோதினாலும் அவர் திருப்பி மோதியதில்லை. அவரை நடுவர் ஒரு முறைகூட வெளியே அனுப்பியதில்லை.

1960-இல் தொடை இடுக்கில் ஏற்பட்ட காயம் அவரை நிறுத்தியது. பிரஸ்டனுக்காக 433 லீக் ஆட்டம் ஆடி 187 கோல் அடித்திருந்தார். லீக்கில் வேறு அணிக்கு அவர் ஆடவே இல்லை. அவர் போன அடுத்த ஆண்டே, 1961-இல், பிரஸ்டன் மீண்டும் இரண்டாம் பிரிவுக்கு இறங்கியது. ஒரு மனிதரின் தோளில் ஓர் அணி எவ்வளவு சாய்ந்திருந்தது என்று ஊருக்கு அப்போது புரிந்தது.

பூட்டு உடைந்தது

ஆட்டக்காரர்களுக்கு ஒரு தொழிற்சங்கம் இருந்தது. அதன் தலைவர் ஜிம்மி ஹில். அவரும் ஓர் ஆட்டக்காரர்தான். “சம்பள வரம்பை எடுங்கள். இல்லையென்றால் வேலை நிறுத்தம்” என்று சங்கம் அறிவித்தது. ஆட்டக்காரர்கள் ஒன்றாக நின்றார்கள். 1961 ஜனவரியில் சம்பள வரம்பு ஒழிந்தது. முதல் பூட்டு உடைந்தது.

இரண்டாம் பூட்டை உடைத்தவர் ஜார்ஜ் ஈஸ்ட்ஹாம். இவரும் லங்காஷயரில் பிறந்தவர். நியூகாசில் கிளப்பில் ஆடினார். ஒப்பந்தம் முடிந்ததும் வேறு கிளப்புக்குப் போக விரும்பினார். கிளப் விடவில்லை. அவர் புதிய ஒப்பந்தத்தில் கையெழுத்துப் போட மறுத்தார். சில மாதம் ஆடாமல் வேறு வேலை பார்த்தார். சங்கத்தின் துணையோடு நீதிமன்றம் போனார். 1963-இல் தீர்ப்பு வந்தது. ஒப்பந்தம் முடிந்த பிறகும் ஒருவரைக் கட்டி வைப்பது நியாயமற்றது என்று நீதிபதி சொன்னார்.

அதற்குள் டாம் ஓய்வு பெற்றுவிட்டார். புதிய விதியால் அவருக்கு ஒரு காசு லாபம் இல்லை. அவருக்குப் பின் வந்தவர்களுக்குத்தான் லாபம். இப்போது ஓர் ஆட்டக்காரர் சொந்த ஊர் அணியில் கடைசி வரை இருந்தால், அது அவரே விரும்பி எடுத்த முடிவு.

ஆட்டம் முடிந்த பிறகு

ஓய்வுக்குப் பின் டாம் எங்கே போனார்? எங்கும் போகவில்லை. பிரஸ்டனிலேயே இருந்தார். தந்தை கற்கச் சொன்ன தொழில் கைகொடுத்தது. சகோதரரோடு பிளம்பிங் தொழிலைத் தொடர்ந்தார். 1963-இல் ஒரே ஓர் ஆட்டத்துக்கு மட்டும் வட அயர்லாந்துக் கிளப் ஒன்று அழைத்தது. போய் ஆடிக் கொடுத்தார்.

ஊரின் கௌரவ நீதிபதியாகப் பணி செய்தார். ஊர்ச் சுகாதார வாரியத்தின் தலைவராகவும் இருந்தார். பிரஸ்டன் கிளப் அவரைத் தன் தலைவராக்கிப் பெருமைப்படுத்தியது. முன்பு “யாருக்கும் ஆட முடியாது” என்று சொன்ன அதே கிளப்தான்! 1998-இல் இங்கிலாந்து அரசு அவருக்கு “சர்” பட்டம் கொடுத்தது.

முதுமையில் மனைவி எல்சிக்கு மறதி நோய் வந்தது. டாம் உடனிருந்து கவனித்துக்கொண்டார். 2004-இல் எல்சி இறந்தார். அதே ஆண்டு டீப்டேல் மைதானத்தின் வெளியே டாமுக்குச் சிலை வைத்தார்கள். மழை நீர் தேங்கிய மைதானத்தில், தண்ணீர் தெறிக்க அவர் சறுக்கிக்கொண்டு போகும் சிலை அது. 1956-இல் எடுத்த ஒரு புகழ்பெற்ற புகைப்படத்தைப் பார்த்துச் செய்தது.

2014 பிப்ரவரி 14-ஆம் நாள் டாம் ஃபின்னி இறந்தார். வயது 91. அவரை வழியனுப்ப ஊர் மக்கள் வீதியில் திரண்டு நின்றார்கள்.

பற்று வேறு, கட்டு வேறு

வாசகர்களே! இந்தக் கதையை இரண்டு விதமாகச் சொல்லலாம்.

“டாம் பணத்தைப் பார்க்கவில்லை. ஊரைப் பார்த்தார்” என்று சொல்லலாம். அது பாதி உண்மை.

“டாமைப் போக விடவில்லை. அதனால் இருந்தார்” என்றும் சொல்லலாம். அதுவும் பாதி உண்மை.

அவரிடம் பற்றும் இருந்தது. அவர் மேல் கட்டும் இருந்தது. அந்த ஓர் ஆண்டு அவரைத் தடுத்தது கட்டு. ஆனால் மறுத்த பிறகும் குறை வைக்காமல் ஆடியது பற்று. ஓய்வு பெற்றதும் கட்டு அவிழ்ந்துவிட்டது. அப்போது அவர் எங்கு வேண்டுமானாலும் போயிருக்கலாம். 54 ஆண்டு, சாகும் வரை, பிரஸ்டனிலேயே இருந்தார். அவர் பற்றுக்கு இதைவிட வேறு சாட்சி வேண்டியதில்லை.

நாமும் உழைக்கும் இடத்தை நேசிக்கிறோம். முதலாளிக்கு விசுவாசமாக இருக்கிறோம். அது நல்ல குணம். ஆனால் விசுவாசம் நாம் கொடுப்பது. பிறர் பிடுங்குவது அல்ல. “விசுவாசம் இல்லையா?” என்று கேட்டே கூலியைக் குறைப்பவர்களும் உண்டு.

செங்கல் சூளையிலும் அரிசி ஆலையிலும் முன்பணம் கொடுப்பார்கள். பிறகு அதைக் காட்டி, “கடன் தீரும் வரை நீ போகக் கூடாது” என்பார்கள். இது கொத்தடிமை முறை. 1976-ஆம் ஆண்டுச் சட்டம் இதை நாடு முழுவதும் ஒழித்துவிட்டது. இப்படி யாரையாவது பிடித்து வைத்திருந்தால் மாவட்ட ஆட்சியரிடம் மனு கொடுக்கலாம்.

இப்போது உங்களுக்குப் படிக்கத் தெரியும். எந்தத் தாளிலும் கையெழுத்துப் போடும் முன் இந்த ஐந்தையும் தேடிப் படியுங்கள்:

1. கூலி எவ்வளவு? எந்த நாளில் கிடைக்கும்?
2. கூலியில் என்னென்ன பிடிப்பார்கள்?
3. எத்தனை காலத்துக்கு வேலை?
4. இடையில் விலக வேண்டுமானால் என்ன செய்ய வேண்டும்?
5. காலம் முடிந்த பிறகும் ஏதாவது நிபந்தனை உண்டா?

புரியாத வரி இருந்தால் நிறுத்துங்கள். தெரிந்தவரிடம் கேளுங்கள். வெற்றுத் தாளில் ஒருபோதும் கையெழுத்துப் போடாதீர்கள். தாளின் நகல் ஒன்றைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ளுங்கள்.

சொல்லும் பொருளும்

ஒப்பந்தம் – இரண்டு பேர் சேர்ந்து எழுதிக்கொள்ளும் உடன்பாடு
உச்ச வரம்பு – இதற்கு மேல் கூடாது என்ற அளவு
நிபந்தனை – கட்டாயமாகக் கடைப்பிடிக்க வேண்டியது
நகல் – மூலத்தைப் போன்ற இன்னொரு படி
பற்று – மனதில் உள்ள பிடிப்பு

பேசிப் பார்ப்போம்

1. தந்தை ஆல்ஃப், மகனை முதலில் தொழில் கற்கச் சொன்னது ஏன்? நீங்கள் அவர் இடத்தில் இருந்தால் என்ன சொல்வீர்கள்?
2. டாமும் ஈஸ்ட்ஹாமும் ஒரே விதிக்குள் மாட்டிக்கொண்டார்கள். ஒருவர் இருந்து ஆடினார். மற்றவர் எதிர்த்து நின்றார். யார் செய்தது சரி? இருவரும் செய்தது சரியாக இருக்க முடியுமா?
3. உங்கள் ஊரை விட்டு வேலைக்குப் போனவர்கள் யார்? அவர்கள் ஏன் போனார்கள்? அவர்களுக்கு ஊர்ப்பற்று இல்லை என்று சொல்ல முடியுமா?

கணக்குப் போடுங்கள்

1. பலெர்மோவில் மாதம் 130 பவுண்டு. ஓர் ஆண்டுக்கு எவ்வளவு?
2. பிரஸ்டனில் ஆண்டுக்கு 728 பவுண்டு. இரண்டுக்கும் உள்ள வித்தியாசம் எவ்வளவு?

விடை: 1) 1,560 பவுண்டு. 2) 832 பவுண்டு.

எழுதிப் பாருங்கள்

நீங்கள் நேசிக்கும் ஓர் இடத்தைப் பற்றி ஐந்து வரி எழுதுங்கள். அது உங்கள் ஊராக இருக்கலாம். வேலை செய்யும் இடமாக இருக்கலாம். அங்கே உங்களை இருக்க வைப்பது பற்றா, கட்டா என்று கடைசி வரியில் எழுதுங்கள். எழுதியதை மையத்தில் எல்லோருக்கும் படித்துக் காட்டுங்கள்.